பரங்கிப்பேட்டையில் மூட்டிய உலை
ஜோசையா மார்ஷல் ஹீத் வாழ்வும் அது விட்டுச் சென்ற பாடமும்

கடலூருக்குத் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், வெள்ளாறு வங்கக் கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்த பழம்பெருந் துறைமுகம் பரங்கிப்பேட்டை. சிதம்பரத்திற்கு அண்மையில் உள்ள இவ்வூரைப் போர்ச்சுகீசியரும் டச்சுக்காரரும் டேனியரும் ஆங்கிலேயரும் அடுத்தடுத்து நாடி வந்தனர். 1781ஆம் ஆண்டில் ஐதர் அலியின் படையும் ஆங்கிலேயர் படையும் மோதிய களமும் இதுவே. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையத்தால் இன்று உலக அறிஞர்களும் இவ்வூரை அறிவர். ஆயினும், இந்தியாவில் ஐரோப்பிய முறைப்படி பேரளவில் இரும்பு உருக்கச் செய்யப்பட்ட தொடக்க கால முயற்சிகளுள் தலையாய ஒன்று 1830ஆம் ஆண்டில் இங்கேதான் நிகழ்ந்தது என்பதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம்.

அம்முயற்சியின் கர்த்தா ஜோசையா மார்ஷல் ஹீத். உருக்கின் வரலாற்றை எழுதுவோர் எவரும் இவர் பெயரைக் குறிப்பிடாமல் செல்வதில்லை. இவர் கண்ட ஓர் உண்மை இங்கிலாந்தின் உருக்காலைகளுக்குப் பெருஞ்செல்வத்தை ஈட்டித் தந்தது. இவரோ வறுமையில் மாண்டார். இவர் பரங்கிப்பேட்டையில் தொடங்கிய தொழிலும் நிலைக்கவில்லை.

ஆராய்ச்சிக்குச் செலவிடும் பணம் ஒரு நிறுவனத்திற்குத் திரும்பி வருமா, வருமெனில் எவ்வாறு வரும் என்பது இன்று தொழில் நிருவாகம் பயிலும் மாணவர்கள் ஆராயும் கேள்வி. நம் குடும்பங்களில் நிலத்தை நம்பியிருந்த நிலை மாறி, பிள்ளைகள் பொறியியல் கற்றுத் தொழிலில் இறங்கும் காலம் இது. ஆகவே அக்கேள்விக்கு விடை தேடத் தொலைவில் உள்ள நாடுகளுக்குச் செல்லாமல், நம் தென்னார்க்காட்டு மண்ணிலேயே வாழ்ந்து சென்ற ஒருவரின் வரலாற்றை இவ்விதழில் எடுத்துக்கொண்டோம்.

சேலத்து வணிக அதிகாரி

ஹீத் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ஆட்சிப் பணியில் சேர்ந்து, சேலம், கோயம்புத்தூர்ப் பகுதிகளில் வணிக அதிகாரியாகப் பணியாற்றியவர். நெசவாளருக்கு முன்பணம் கொடுத்துத் துணி கொள்முதல் செய்வது அக்காலத்து வணிக அதிகாரிகளின் முதன்மையான வேலை. ஹீத் அத்துடன் அமையவில்லை. கோயம்புத்தூர்ப் பகுதியில் போர்பன் பருத்தி என்னும் அயல்நாட்டுப் பருத்தியைப் பயிரிடச் செய்தார். பறவைகளைச் சேகரித்து ஆராய்வதிலும் ஈடுபாடு கொண்டிருந்தார். கண்ணில் படுவதை எல்லாம் ஏன், எவ்வாறு என்று வினவும் இயல்பினர் என்பது இவற்றால் விளங்கும்.

சேலத்தில் அவர் கண்டவற்றுள் அவரை முற்றிலும் ஆட்கொண்டது இரும்பு. கஞ்சமலையும் அதைச் சூழ்ந்த குன்றுகளும் காந்த இரும்புத் தாது நிறைந்தவை. அத்தாதுவை நம் நாட்டுக் கொல்லர்கள் இடித்து, நீரில் அரித்துத் தூய்மை செய்து, ஆளுயரத்திற்கும் குறைவான களிமண் உலைகளில் கரியுடன் இட்டு, ஆட்டுத்தோல் துருத்தியால் ஊதி இரும்பாக்கினர். அவ்விரும்பிலிருந்து உருக்குச் செய்யும் முறை அதனினும் வியப்பானது. ஏறத்தாழ அரைக் கிலோ இரும்பைச் சிறு மண்குகையில் இட்டு, உலர்ந்த ஆவாரங் குச்சிகளைத் துண்டு துண்டாக நறுக்கிச் சேர்த்து, எருக்கிலை போன்ற பச்சிலைகளால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்துவிடுவர். இத்தகைய குகைகள் இருபதுக்கு மேற்பட்டவற்றை ஓர் உலையில் அடுக்கி இரண்டரை மணி நேரம் ஊதினால் உருக்குக் கட்டி கிடைத்துவிடும். தென்னாட்டு உருக்கு பல நூற்றாண்டுகளாகக் கடல் கடந்து சென்று, மேற்காசியாவின் புகழ்பெற்ற வாள்களாக உருப்பெற்றது. 1820ஆம் ஆண்டையொட்டி மைக்கேல் ஃபாரடே போன்ற பேரறிஞரே இவ்வுருக்கை ஆய்ந்து, அதன் இரகசியத்தை அறிய முயன்றார்.

இம்முறையைப் பிற்காலத்தில் ஹீத் ஓர் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்; அது இலண்டன் ஆசியக் கழகத்தின் இதழில் 1839ஆம் ஆண்டளவில் வெளிவந்தது. இரும்பைக் கரியோடு மூடிய குகையில் உருக்கும் முறைக்கு இங்கிலாந்தில் 1800ஆம் ஆண்டில் மஷெட் என்பவர் காப்புரிமை பெற்றிருந்தார். கரிமம் கலந்த வாயுவைச் செலுத்தி இரும்பை உருக்காக்கும் முறைக்கு 1825ஆம் ஆண்டில் மக்கின்டாஷ் காப்புரிமை பெற்றிருந்தார். இவ்விரண்டு தத்துவங்களும் சேலத்துக் கொல்லரின் மண்குகைக்குள் ஒன்றாக அடங்கியுள்ளன என்று ஹீத் எடுத்துக் காட்டினார். உலர்ந்த குச்சி கரியைத் தருகிறது. பச்சிலை வாயுவைத் தருகிறது. ஆகவேதான் ஆங்கிலேயருக்குப் பல நாள் பிடிக்கும் வேலை இங்கே சில மணி நேரத்தில் முடிகிறது என்பது அவர் கொண்ட முடிவு.

உலை எழுந்தது

இத்தகைய தாதும் இத்தகைய கைத்திறனும் உள்ள நாட்டில் ஆங்கில இயந்திரங்களை நிறுவினால் உலகச் சந்தையையே பிடிக்கலாம் என்று ஹீத் எண்ணினார். 1825ஆம் ஆண்டளவில் அரசுப் பணியைத் துறக்கத் துணிந்தார். சென்னை மாகாணத்தில் ஐரோப்பிய முறையில் இரும்பு செய்யும் தனியுரிமையை வேண்டிப் பெற்றார். அரசுப் புறம்போக்குக் காடுகளில் கரிக்கு மரம் வெட்டும் உரிமையும் கிடைத்தது. கம்பெனி அரசு பல லட்ச ரூபாய் முன்பணமாகக் கொடுத்தது. ஒரு நெசவாளர் குடும்பம் மாதம் சில ரூபாயில் வாழ்ந்த காலத்தில் இத்தொகை எத்துணைப் பெரியது என்பதை வாசகர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

1830ஆம் ஆண்டில் பரங்கிப்பேட்டையில் ஊதுலை எழுந்தது. இயந்திரங்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தன. பழகிய தொழிலாளரும் அங்கிருந்து வந்தனர். பின்னர் பங்கு முதல் திரட்டப்பட்டுத் தொழில் ஒரு நிறுவனத்தின் கைக்கு மாறியது. மேற்குக் கரையில் பேப்பூரிலும் உலை நிறுவப்பட்டது. பரங்கிப்பேட்டை இரும்பு தரத்தில் குறைந்ததன்று. கரியால் உருக்கப்பட்டதாதலின் கந்தகம் குறைந்து தூய்மை மிக்கிருந்தது. 1850ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற, மேனாய் நீரிணை மீதான பிரிட்டானியா பாலத்தில் இவ்வூர் இரும்பும் இடம்பெற்றதாகத் தென்னார்க்காட்டு வரலாறு பெருமையுடன் கூறும்.

தரம் இருந்தது; விலைக்கு வாங்குவோரும் இருந்தனர். இருந்தும் ஆலை ஆண்டுக்கு ஆண்டு நட்டத்தில் ஆழ்ந்தது. அதன் காரணத்தைச் சற்று நின்று ஆராய்வோம்.

தாது ஒரு புறம், கரி ஒரு புறம்

பரங்கிப்பேட்டையில் துறைமுகம் உண்டு. இரும்புத் தாது இல்லை. தாது ஏறத்தாழ 200 கிலோமீட்டருக்கு அப்பால், சேலத்துக் குன்றுகளில் இருந்தது. அதைப் பரிசல்களில் ஏற்றி ஆற்று வழியே கீழே கொண்டுவந்து, கொள்ளிடத்தையும் வெள்ளாற்றையும் இணைக்கும் கான்சாகிப் வாய்க்கால் வழியாக உலைக்குச் சேர்த்தனர். ஆற்றில் நீர் ஓடும் மாதங்களில் மட்டுமே இது இயலும். ஆகவே ஓராண்டுக்குத் தேவையான தாதைச் சில மாதங்களிலேயே கொண்டுவந்து குவிக்க வேண்டியிருந்தது. அதில் முடங்கிய பணத்திற்கு வட்டி ஏறியது.

கரியின் நிலை இன்னும் கடினம். ஊதுலை என்பது சமையலறை அடுப்பு அன்று. ஒருமுறை மூட்டினால் இரவு பகலாக மாதக்கணக்கில் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். இடையில் எரிபொருள் குறைந்து சூடு தணிந்தால் உள்ளே உருகியது அனைத்தும் பாறையாய் இறுகிவிடும். உலையையே உடைக்க நேரும். அருகில் இருந்த காடு சில ஆண்டுகளில் தீர்ந்தது. அதன்பின் ஒவ்வோராண்டும் கரி வண்டி முன்னினும் அதிகத் தொலைவு செல்ல வேண்டியதாயிற்று. வெட்டிய காடு மீண்டும் வளர எத்தனை ஆண்டு ஆகும், ஓர் உலைக்கு எத்தனை சதுர மைல் காடு வேண்டும் என்னும் கணக்கை முன்னரே போட்டிருந்தால் உலை எழுந்த இடமே வேறாக இருந்திருக்கும்.

அதே காலத்தில் ஸ்காட்லாந்தில் நிகழ்ந்ததையும் அறிதல் வேண்டும். 1828ஆம் ஆண்டில் நீல்சன் என்பவர், உலைக்குள் ஊதும் காற்றை முன்கூட்டியே சூடாக்கினால் எரிபொருள் மிச்சமாகும் என்று கண்டு காப்புரிமை பெற்றார். அங்கு ஒரு டன் இரும்புக்கு 8 டன் நிலக்கரி செலவாகி வந்தது. சில ஆண்டுகளிலேயே அது 3 டன்னுக்கும் கீழே இறங்கிவிட்டது. பரங்கிப்பேட்டையில் முதல் உலை மூட்டப்படுவதற்கு முன்னரே உலகத் தொழில் நுட்பம் ஒரு படி மேலே சென்றுவிட்டது என்பது இதனால் தெரிகிறது. கரியை நம்பிய ஆலை, நிலக்கரியை மலிவாகப் பயன்படுத்தக் கற்ற நாட்டோடு போட்டியிட வேண்டியிருந்தது.

மற்றொரு செய்தியும் உண்டு. ஹீத் காலத்தவர் கரிக்காகக் காடுகளைத் தேடி அலைந்த இதே தென்னார்க்காட்டில், பரங்கிப்பேட்டையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில், நெய்வேலி மண்ணுக்கடியில் பழுப்பு நிலக்கரி பரந்து கிடந்தது. அது வெளிப்பட்டது இருபதாம் நூற்றாண்டில். அதற்கென நிறுவனம் அமைந்தது 1956ஆம் ஆண்டில். பழுப்பு நிலக்கரியை அக்கால ஊதுலையில் அப்படியே இட்டு இரும்பு உருக்க இயலாது என்பது உண்மையே. எனினும் காலடி மண்ணை ஆராயாமல் கடல் கடந்து இயந்திரம் வாங்கிய போக்கிற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஷெஃபீல்டில் ஒரு சிறு பொட்டலம்

1830களின் பிற்பகுதியில் ஹீத் இங்கிலாந்து திரும்பினார். பரங்கிப்பேட்டை இரும்பிலிருந்து உயர்ந்த உருக்குச் செய்து காட்டினால்தான் தொழில் பிழைக்கும் என்று கருதி, உருக்குத் தொழிலின் தலைநகரமான ஷெஃபீல்டில் தம் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்.

அக்காலத்து ஷெஃபீல்டுக்கு ஒரு பெருங்குறை இருந்தது. நல்ல வார்ப்புருக்கு வேண்டுமானால் ஸ்வீடன் நாட்டு இரும்பை அதிக விலைக்கு வாங்க வேண்டும். ஆங்கில இரும்பில் செய்த உருக்கோ சூட்டில் அடிக்கும்போது வெடித்தது. மற்றோர் இரும்போடு பற்றவைக்கவும் இடந்தரவில்லை. காரணம் கந்தகமும் ஆக்சிஜனும். இரும்போடு சேர்ந்த கந்தகம், உருக்கின் மணிகளுக்கிடையே மெல்லிய படலமாய்த் தங்கிச் செஞ்சூட்டில் உருகிவிடும்; அதனால் உருக்கு பிளக்கும்.

பல சோதனைகளுக்குப் பின் ஹீத் இதற்கு மருந்து கண்டார். குகையில் உருகும் உருக்கோடு நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்கு வரை மாங்கனீசு கார்பைடைச் சேர்த்தார். மாங்கனீசு ஆக்சிஜனை வெளியேற்றிவிடும். கந்தகத்தை இரும்பிடமிருந்து பிரித்துத் தன்னோடு இணைத்துக்கொள்ளும். இவ்வேதியியல் விளக்கம் பின்னாளில் தெளிவானது; பலனோ உடனே தெரிந்தது. ஆங்கில இரும்பிலேயே அடித்தால் வெடிக்காத, பற்றவைத்தால் ஒட்டும் வார்ப்புருக்கு உருவாயிற்று. மேசைக் கத்தியின் உருக்கு அலகை இரும்புக் காம்போடு பற்றவைப்பது எளிதாயிற்று. 1839ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஹீத் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டின் உருக்குத் தொழிலில் உற்பத்திச் செலவு பெரிதும் குறைந்தது.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பரங்கிப்பேட்டை இரும்பின் பெருமை அதன் தூய்மை. தூய்மையற்ற ஆங்கில இரும்பும் நல்ல உருக்காகும் என்று ஹீத் நிறுவியபோது, தூய இரும்புக்கு இருந்த தனிச்சிறப்பு குறைந்துவிட்டது. தம் ஆலையின் சரக்கை உயர்த்தத் தொடங்கிய ஆராய்ச்சி, போட்டியாளரின் சரக்கை உயர்த்தி முடிந்தது. கண்டுபிடிப்பு சிறந்ததாயினும் அது எந்த நிறுவனத்தின் எந்தத் தேவைக்கு உரியது என்று பொருத்திப் பார்ப்பதும் நிருவாகத்தின் கடமை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

காப்புரிமையின் சொற்கள்

துன்பம் இத்துடன் முடியவில்லை. மாங்கனீசு கார்பைடைத் தனியே செய்து ஆலைகளுக்கு விற்பதற்கு ஹீத் ஷெஃபீல்டில் அன்வின் என்பவரை முகவராக அமர்த்தியிருந்தார். செலவைக் குறைக்கும் எளிய வழி ஒன்றையும் ஹீத் அவரிடம் கூறினார். கார்பைடைத் தனியே செய்ய வேண்டியதில்லை. மாங்கனீசு ஆக்சைடையும் கரிப்பொருளையும் பொட்டலமாகக் கட்டிக் குகையில் போட்டால், அந்தச் சூட்டில் கார்பைடு தானே உண்டாகிவிடும். முகவர் தாமே உருக்குத் தொழிலில் இறங்கி, உரிமைத் தொகை கொடுக்காமல் இம்முறையைக் கையாண்டார்.

வழக்கு எழுந்தது. காப்புரிமைப் பத்திரம் மாங்கனீசு கார்பைடைச் சேர்ப்பதைப் பற்றியே பேசுகிறது. தாங்கள் சேர்ப்பது ஆக்சைடும் கரியும். ஆகவே அது வேறு முறை என்பது எதிர்த்தரப்பின் வாதம். குகைக்குள் உண்டாவது அதே பொருள்தான் என்பது ஹீத் தரப்பின் வாதம். ஒரு நீதிமன்றம் கொண்ட கருத்தை மற்றொன்று மறுக்க, வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. அக்காலத்துக் காப்புரிமையின் ஆயுள் 14 ஆண்டுகள். அதில் பெரும் பகுதி வழக்கிலேயே கழிந்தது. இதற்கிடையில் ஊர் முழுவதும் அம்முறை பரவிவிட்டது.

நீல்சனின் கதையை இதனோடு ஒப்பிட்டு நோக்கலாம். சூடான காற்று முறைக்கு அவர் கேட்ட உரிமைத் தொகை டன்னுக்கு ஒரு ஷில்லிங் மட்டுமே. கொடுப்பது எளிதாதலின் பலர் கொடுத்தனர். கொடுக்க மறுத்த பெரிய ஆலையதிபர்கள் மீது வழக்குத் தொடுத்து, 1843ஆம் ஆண்டில் வெற்றியும் பெற்றார். அவருக்குத் துணையாகப் பணமும் செல்வாக்கும் உள்ள கூட்டாளிகள் இருந்தனர். ஹீத்துக்கு அத்தகைய துணை அமையவில்லை.

ஆயினும் ஹீத்தின் சிந்தனை ஓயவில்லை. 1845ஆம் ஆண்டில் மற்றொரு காப்புரிமை பெற்றார். உருகிய வார்ப்பிரும்பில் பழைய தேனிரும்புத் துண்டுகளை இட்டு, வாயுச் சுடரால் சூடாக்கித் திறந்த உலையில் உருக்குச் செய்யும் முறை அது. அதற்கு வேண்டிய வெப்பத்தை எழுப்பும் உலை அன்று இல்லை. பின்னர் சீமன்ஸ் சகோதரர்கள் அவ்வெப்பத்தைத் தரும் உலையை அமைத்தனர். 1865ஆம் ஆண்டில் பிரான்சில் மார்ட்டின் அவ்வுலையில் உருக்குச் செய்து வெற்றி கண்டார். உலகத்து உருக்கின் பெரும்பகுதி இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலும் அம்முறையில்தான் உற்பத்தியாயிற்று. அதன் கருவை இருபது ஆண்டுகள் முன்னதாகவே எண்ணியவர் நம் பரங்கிப்பேட்டை ஹீத்.

மறைவும் பின் நிகழ்ந்தவையும்

1851ஆம் ஆண்டில், வழக்கு முடிவதைக் காணாமலே, வறுமை நிலையில் ஹீத் மறைந்தார். அவர் மனைவி வழக்கைத் தொடர்ந்தார். நீதிபதிகளிடையே கருத்து ஒருமிக்காத நிலையில், 1855ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபை அன்வினுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மறு ஆண்டிலேயே பெஸமர் தம் புதிய உருக்கு முறையை வெளியிட்டார். அவ்வுருக்கும் வெடிக்கவே, மாங்கனீசு நிறைந்த வார்ப்பிரும்பைச் சேர்த்து அதைச் சீராக்கும் வழியை இராபர்ட் மஷெட் கண்டார். இரயில் பாதைகளும் கப்பல்களும் உருக்கால் எழுந்த காலம் அதன்பின் தொடங்கிற்று. அவ்வுருக்கில் மாங்கனீசு கலவாதது அரிது.

பரங்கிப்பேட்டைத் தொழிலை 1853ஆம் ஆண்டில் தோன்றிய கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. பெருமுதல் திரட்டப்பட்டு வேறு இடங்களிலும் உலைகள் நிறுவப்பட்டன. கரியின் தொல்லையும் போக்குவரத்தின் தொல்லையும் அவ்வாறே தொடர்ந்தன. 1860களில் உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. சேலத்துக் கொல்லர்களின் சிற்றுலைகளும் இறக்குமதி இரும்பின் மலிவாலும் காட்டுச் சட்டங்களின் கட்டுப்பாட்டாலும் காலப்போக்கில் மறைந்தன.

கணக்கேடு காட்டாதவை

ஹீத் ஆராய்ச்சிக்கு அஞ்சியவர் அல்லர். பணத்தையும் வாழ்நாளையும் அதற்கே கொடுத்தவர். பின் ஏன் அவர் நிறுவனம் வாழவில்லை? நமக்குத் தோன்றுவனவற்றைக் கூறுகிறோம்.

முதலாவது, ஆராய்ச்சியின் வரிசை மாறியது. தாது, எரிபொருள், நீர்வழி இவற்றை ஆராயச் செலவிட்டிருக்க வேண்டிய பணம் முதலில் இயந்திரத்திற்குச் சென்றது. ஜாம்ஷெட்ஜி டாட்டா குழுவினர் இதற்கு நேர்மாறாக நடந்தனர். ஆண்டுக்கணக்கில் நிலவியல் அறிஞர்களைக் கொண்டு நாட்டை அளந்தனர். ஒரிசாவின் தாது பற்றி 1904ஆம் ஆண்டில் பி. என். போஸ் எழுதிய செய்தியைக் கேட்டுத் தங்கள் திட்டத்தையே மாற்றிக்கொண்டனர்; தாதும் நிலக்கரியும் ஆற்று நீரும் கூடும் இடத்தில் ஆலையை அமைத்தனர். 1907ஆம் ஆண்டில் நிறுவனம் பதிவாகி, 1912ஆம் ஆண்டில் உருக்கு வெளிவந்தது. அந்நிறுவனம் நூறாண்டு கடந்து நிற்கிறது. உலை மூட்டுவதற்கு முன் செய்த செலவே அங்கு அடித்தளமாயிற்று.

இரண்டாவது, ஆராய்ச்சி ஓரிடத்திலும் ஆலை மற்றோரிடத்திலும் இருந்தன. ஷெஃபீல்டில் கிடைத்த அறிவைப் பரங்கிப்பேட்டைக்குக் கொணர்ந்து, தென்னாட்டிலேயே உருக்காக்கி விற்கும் ஏற்பாடு உருப்பெறவில்லை. சேலத்துக் கொல்லரின் கைத்திறனும் ஹீத்தின் கட்டுரையில் இடம்பெற்றதேயன்றி அவரது நிறுவனத்தின் செல்வமாகவில்லை. அறிவை உடையவன் தொழிலில் பங்குடையவனாக இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, பயன் பிறர் கைக்கு ஒழுகியது. ஆராய்ச்சியின் செலவு ஒருவருடையது. அதன் பலனோ காற்றைப் போல எங்கும் பரவக்கூடியது. உலகத்திற்கு அது நன்மை, செலவிட்டவருக்கு அழிவு. சொற்செறிவுள்ள காப்புரிமை, தெளிவான ஒப்பந்தம், வழக்கைத் தாங்கும் நிதி ஆகிய மூன்றும் சேர்ந்த பின்னரே ஒரு கண்டுபிடிப்பு நிறுவனத்தின் சொத்தாகிறது.

நம் கடலூர்ப் பகுதியிலேயே நேர்மாறான காட்சியும் உண்டு. 1840களில் தோன்றிய நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்து நின்றது. கரும்பு ஆலைக்கு அருகிலேயே விளைகிறது. பிழிந்த சக்கையே எரிபொருளாகிறது. வெட்டிய காடு வளரக் காத்திருப்பது போல் கரும்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. 1912ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் அமைந்த கரும்பு ஆராய்ச்சி நிலையம் புதிய இரகங்களைத் தந்தது. கடலூரிலும் கரும்பு ஆராய்ச்சி நிலையம் அமைந்து, கரையோரத்து மண்ணுக்கு ஏற்றவற்றைத் தேர்ந்தது. ஆராய்ச்சி ஆலையின் வாசலிலேயே நிகழ்ந்தால் பயன் எங்கே சேரும் என்பதை இது காட்டுகிறது.

நம்மவர்க்கு ஒரு சொல்

நம் நாடு ஆராய்ச்சிக்கும் வளர்ச்சிக்கும் செலவிடும் தொகை, 2020–21ஆம் ஆண்டுக் கணக்கின்படி, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடே. தென்கொரியா 4 விழுக்காட்டிற்கும் மேல் செலவிடுகிறது. இங்கு அச்செலவிலும் பெரும்பகுதி அரசினுடையது. தனியார் நிறுவனங்கள் கைவிரிப்பதற்குக் காரணம் கஞ்சத்தனம் மட்டுமன்று. ஆராய்ச்சிச் செலவு இவ்வாண்டின் இலாபத்தைக் குறைக்கிறது. பலனோ பல ஆண்டு கழித்து வருகிறது, வராமலும் போகிறது. ஆகவே ஒரே ஆண்டின் வரவு செலவை வைத்து அதை மதிப்பிடுவோர் வெட்டும் முதற்செலவு அதுவே ஆகிறது. விதை நெல்லை ஆக்கி உண்பது போன்றது இது என்பதை உழவுத் தொழிலில் வாழ்ந்த நம் குடும்பங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சிறு தொழில் நடத்தும் நம் இளைஞர்கள் பெரிய ஆய்வுக்கூடம் அமைக்க வேண்டுமென நாம் கூறவில்லை. வருவாயில் ஒரு சிறு பங்கை ஒவ்வோராண்டும் தவறாது ஒதுக்கலாம். புதிய இயந்திரம் வாங்குமுன் மூலப்பொருள் எங்கிருந்து, எந்த மாதத்தில், என்ன விலைக்கு வரும் என்பதைச் சிறிய அளவில் செய்து பார்க்கலாம். செய்த சோதனைகளைத் தேதியிட்டு ஏட்டில் எழுதி வைக்கலாம், தோல்வியுற்றதையும் எழுதலாம். புதியதாக ஒன்றைக் கண்டால் பிறரிடம் கூறுமுன் சென்னையில் உள்ள காப்புரிமை அலுவலகத்தின் விதிகளை அறிந்தவரைக் கலந்து, சொற்களை நன்கு அமைத்து விண்ணப்பிக்கலாம். இன்று காப்புரிமையின் ஆயுள் 20 ஆண்டுகள். முகவரோடும் பணியாளரோடும் வாய்ச்சொல்லை நம்பாமல் எழுத்தில் உடன்பாடு செய்துகொள்ளலாம். நீண்ட காலம் கைத்திறனோடு உழைத்த தொழிலாளியின் யோசனைக்குச் செவி கொடுத்து, அதனால் வரும் இலாபத்தில் அவருக்கும் பங்கு தரலாம்.

ஹீத் தம் காலத்தில் இவற்றுள் பலவற்றைச் செய்யத் தவறினார். ஆனால் அவர் அறிவுத் தாகமும் துணிவும் எவராலும் குறை கூற இயலாதவை. அவர் கண்ட உண்மையால் பல கோடி மக்கள் பயன் பெற்றனர். அவ்வுண்மைக்கு வித்திட்டது நம் நாட்டுக் கொல்லரின் மண்குகையும், ஆவாரங் குச்சியும், பரங்கிப்பேட்டையில் எரிந்த உலையும் என்பதில் நாம் பெருமை கொள்ளலாம். அத்துணிவையும் அதைக் காக்கும் கணக்கையும் ஒருசேரக் கைக்கொண்டு நம் இளைஞர்கள் தொழில் தொடங்குவார்களாக.